எட்டாம் நம்பர் ஷூவும் பச்சை இன்ஜினும்

என் தோஸ்த்துக்கு,

நீளமான பூட்ஸ் பெட்டி அது. மூடியைத் திறந்ததும் முதலில் வந்தது நாம் செய்த பொம்மை இன்ஜின் இல்லை, சொல்யூஷன் வாசனை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பசை மூக்கில் ஏறுகிறது. காட்பாடியில் என் வீட்டு ஹாலில் இருந்தவள், சட்டென்று ஆம்பூர் ஷூ ஃபேக்டரியின் சேம்பிள் ரூமில் உனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். நீ நூலைப் பல்லால் கடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

பெட்டியைக் கொண்டுவந்தவள் உன் மகள் கவிதா. பெங்களூருக்கு வீடு மாற்றுகிறாள். "அம்மா சொல்லிட்டுதான் போனாங்க ஆன்ட்டி. எஸ்தரு இத ஓட வச்சித் தரட்டும், அப்புறம் நீ எடுத்துனு போன்னாங்க," என்றாள். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. உயிரோடு இருந்தபோதெல்லாம் மிச்ச வேலையை என் மேஜைக்குத் தள்ளிவிட்ட ஆள்தானே நீ. செத்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

இந்த இன்ஜின் நம்மிடம் வந்ததே ஒரு காலண்டரில்தான். இங்கிலாந்திலிருந்து ஆர்டர் கொடுக்க வந்த பையர் சேம்பிள் ரூமில் மாட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். மாதத்துக்கு ஒன்றாக அந்த ஊரின் பழைய நீராவி இன்ஜின்கள். பிப்ரவரிக்கு வந்தவன்தான் உன் ஆள். பச்சை உடம்பு, நீண்ட பாய்லர், ஆள் உயரச் சக்கரங்கள். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஓடிய எக்ஸ்பிரஸ் என்று கீழே போட்டிருந்தது. ஜூன் வந்த பிறகும் நம் சுவரில் பிப்ரவரிதான். தேதி பார்க்க சூப்பர்வைசர் பக்கத்து அறைக்குப் போவார், உன்னிடம் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

ஆண்டு விழாவுக்குக் கழிவுத் துண்டுகளில் ஏதாவது செய்து வைக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் தோல் பூ, கைப்பை என்று ஆரம்பித்தார்கள். நீ காலண்டரைக் காட்டினாய்.

"பேஜார் பண்ணாதடி. அளவு இல்லாம இன்ஜின் எப்டி செய்வ?" என்றேன்.

படத்தில் சக்கரத்தின் பக்கத்தில் நிற்கும் டிரைவரின் காலில் விரலை வைத்தாய். "இன்னா நம்பர் சொல்லு."

உற்றுப் பார்த்தேன். "எட்டு."

"எனக்கும் எட்டுதான் தோணுது. எட்டாம் நம்பர் ஷூ இன்னா நீளம்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அப்புறம் இன்னா அளவு வேணும் உனக்கு?"

அந்த ஒரு ஷூவை வைத்துக்கொண்டு சக்கரம், பாய்லர், புகைக்கூண்டு எல்லாவற்றையும் கணக்கிட்டுச் சுருக்கினோம். சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போனது. அட்டையைச் சுருட்டி, பச்சை ஆட்டுத்தோலை இழுத்து ஒட்டினோம், ஒரு சுருக்கம் விழவில்லை. ஷூலேஸ் கோக்கும் வளையங்கள் ஜன்னல்களாயின. குடைக்கம்பி கைப்பிடியானது. சக்கரத்தின் ஆரங்களை நீ கத்தி முனையால் செதுக்கியபோது நான் மூச்சு விடுவதுகூட உனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில், டிரைவர் நிற்கும் இடத்தில் ஆள் இல்லை. புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு ஜோடி ஷூ மட்டும் ஒட்டி வைத்திருந்தாய்.

"ஆளு எங்கடி?"

"டீ குடிக்க இறங்கியிருக்கான்."

"வெறுங்காலோடவா?"

"இங்கிலீஷ்காரனுக்கு டீன்னா அவ்ளோ அவசரம்."

படத்தில் ஒரு பக்கம்தான் தெரிந்தது. மறுபக்கம் எப்படி இருக்கும் என்று நாம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஷூ தைக்கிறவர்களுக்கு இதில் என்ன யோசனை? வலது காலுக்கு வெட்டிய பேட்டர்னைத் திருப்பிப் போட்டால் இடது கால். அப்படியே திருப்பிப் போட்டோம். சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பி வலப்பக்கம் எங்கே நின்றதோ, இடப்பக்கமும் மிகச் சரியாக அங்கேயே நின்றது. புது ஷூ பெட்டிக்குள் இருப்பதுபோல அத்தனை ஒழுங்கான ஜோடி.

விழா அன்று மேனேஜர் முன்னால் மேஜைமேல் உருட்டினாய். கொஞ்சம் போனது. இரண்டு பக்கக் கம்பிகளும் ஒரே நேரத்தில் சக்கரங்களின் மையத்துக்கு நேராக வந்து நின்றதும், ஒரு சக்கரம் முன்னாலும் அடுத்தது பின்னாலும் திரும்பி, எல்லாம் இறுகிக்கொண்டது. திரும்ப உருட்டினாய். அதே இடம், அதே கதி. நீ இரண்டு கைகளையும் வாயருகில் குவித்து, ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி "கூ…" என்றாய். பிறகு சாவகாசமாகச் சொன்னாய்: "சத்தம் வந்துடுச்சு சார். வண்டி பின்னாடியே வரும்."

மேனேஜரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முதல் பரிசு நமக்குத்தான், மூன்றடுக்கு டிபன் கேரியர். இரண்டு அடுக்கை நீ எடுத்துக்கொண்டு எனக்கு ஒன்றைத் தந்தாய். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு உன் வீட்டு டிவி பக்கத்தில் அது நின்றது. நான் வரும்போதெல்லாம் உருட்டிப் பார்ப்பாய். நின்றுவிடும். "இன்னிக்கும் சிக்னல் விழலடி," என்பாய். வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் வலியைப் பற்றிப் பேசவில்லை. "ஒரே ஒரு சுத்து முழுசா சுத்திப் பாத்துட்டா போதும்டி," என்றாய். உன் கண்ணில் காட்ட என்னால் முடியவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் போன வாரம் கவிதாவை இழுத்துக்கொண்டு சென்னை ரயில் மியூசியத்துக்குப் போனேன். அங்கே நின்ற ஒரு பழைய நீராவி இன்ஜினும் இங்கிலாந்தில் செய்ததுதான். வலப்பக்கம் கம்பி கீழே இருந்தது. சுற்றி வந்து பார்த்தால் இடப்பக்கம் கம்பி முன்னால் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாரு, ஜோடி சேரல. இத மாட்டினவன் யாரோ தப்பா மாட்டியிருக்கான்," என்று கவிதாவிடம் சொன்னேன். ஃபேக்டரியாக இருந்திருந்தால் அந்த இன்ஜினை அப்போதே ரிஜெக்ட் செய்திருப்பேன்.

அவள் பக்கத்திலிருந்த அடுத்த இன்ஜினைப் பார்க்க நடந்தாள். பழக்கதோஷத்தில் நான் அவள் செருப்பைப் பார்த்தேன். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். அங்கேயே நின்றுவிட்டேன்.

ஜோடியாக நிற்பது பெட்டிக்குள் இருக்கிற ஷூ, தோஸ்த். நடக்கிற கால் அப்படி நிற்குமா? இந்தப் பக்கம் கம்பி மையத்துக்கு நேராக வந்து தடுமாறும்போது, அந்தப் பக்கக் கம்பி சக்கரத்தைச் சரியான திசையில் பிடித்துத் தள்ளவேண்டும். வாழ்நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு ஷூ தைத்த நாம், நம் இன்ஜினைக் கடை அலமாரியில் நிற்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறோம். நான் போட்ட சிரிப்பில் வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஹேர் டிரையரை எடுத்தும் கொஞ்ச நேரம் கை வரவில்லை. இடப்பக்கச் சக்கரங்களின் நடுவே காய்ந்திருந்த சொல்யூஷனில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. பிறகு, நீ இருந்தால் "ரேகையை வச்சி இன்னாடி பண்ணப் போற, சக்கரத்தைத் திருப்பு" என்று திட்டியிருப்பாய் என்று தோன்றியது. சூடு காட்டி இளக்கி, அந்தச் சக்கரங்களைக் கால் சுற்று திருப்பி, மறுபடி ஒட்டினேன். அந்தச் சின்ன ஷூக்களை மட்டும் தொடவில்லை. அவன் டீ குடித்துவிட்டு வரட்டும்.

இன்று காலை சாப்பாட்டு மேஜையில் வைத்து உருட்டினேன். வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. நிற்கவில்லை. கம்பிகள் ஏறி இறங்க, மேஜையின் மறுமுனை வரைக்கும் போனது. விழாமல் பிடித்த கவிதா, "ஆன்ட்டி, அம்மா மட்டும் இருந்திருந்தா…" என்று ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் சிரித்தாள், அழுதாள்.

நாளை அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போகிறாள். வண்டி உன் ஆம்பூர் வழியாகத்தான் போகும். இன்ஜின் அவளுக்கு. உன் சத்தம் எனக்கு, அதை யாருக்கும் தருவதாக இல்லை. கைகளைக் குவித்து, தொண்டை கிழிய "கூ…" என்றேன்.

மாடி வீட்டுக்காரர் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். "இன்னா எஸ்தரம்மா, இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா," என்றேன். "வண்டி வந்துடுச்சு."