பிக்கப் இல்லாத சனிக்கிழமைகள்

மார்ச் 2, சனி

தங்கை இன்றைக்கும் தாமதம். ஒன்பது மணிக்கு மலைமேல் பிரிந்த புருஷன் வீட்டில் இருக்க வேண்டியவள் ஒன்பது இருபத்தைந்துக்குப் போய் நின்றிருக்கிறாள். குழந்தையின் அப்பன் வாசலிலேயே நின்று, தன் ஃபோனில் நேரத்தைக் குறித்துக்கொண்டானாம். பிரிந்தபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அப்படி: சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அம்மா வந்து பெண்ணை அழைத்துக்கொள்ளலாம், அரை மணிக்கு மேல் தாமதமானால் அந்த வாரம் கிடையாது. இப்போது அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வயதுப் பெண்ணையும் கொண்டுபோகக் கோர்ட்டில் அனுமதி கேட்டிருக்கிறான். ஏப்ரல் இரண்டாம் தேதி விசாரணை. அம்மாக்காரி ஒழுங்காக வந்து பார்க்கிறாளா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லிவிட்டார்.

“வண்டி இழுக்கவே மாட்டேங்குதுக்கா. மேட்டுல ரெண்டாவது கியரத் தாண்ட முடியல” என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் அப்பா ஓட்டிய வண்டி. அவருக்கு இழுத்தது. இவளுக்கு மட்டும் இழுக்காதாமா?

மார்ச் 3, ஞாயிறு

பட்டியல் போட்டேன். பிக்கப் குறைந்தால் பார்க்க வேண்டியவை: ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், கிளட்ச். பத்தொன்பது வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். ஒன்றைச் சோதித்து, எழுதி, நீக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். மெக்கானிக்கிடம் விடலாமே என்று தங்கை முனகினாள். அவன் ஒன்றைக் கழற்றி இரண்டைக் கெடுப்பான். அப்பாவின் ரிப்பேர் புத்தகம் இருக்கிறது, ஸ்பானர் இருக்கிறது, எனக்குக் கையும் இருக்கிறது.

கிளட்ச்சைக் கடைசியில் எழுதினேன். ஆனால் அதுதான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

மார்ச் 5, செவ்வாய்

ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. ஒரு வித்தியாசமும் இல்லை.

மார்ச் 9, சனி

இருபத்தெட்டு நிமிடம். நூலிழையில் தப்பித்தாள். பாப்பா சாயங்காலம் வரை இங்கேதான் இருந்தது. என் மடியில் உட்கார்ந்து, “பெரியம்மா, அம்மா வண்டி ஏன் ஆமை மாதிரி போகுது?” என்று கேட்டது. “அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது கண்ணு” என்றேன். தங்கை சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

நான்கு பிளக்கும் புதிது. பெட்ரோல் ஃபில்டரும் புதிது. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். மிதித்தால் இன்ஜின் கத்துகிறதே தவிர வண்டிக்கு வேகம் வருவேனா என்கிறது. சந்தேகமே இல்லை, கிளட்ச் தேய்ந்துவிட்டது. யார் தேய்த்தது? இடது காலைக் கிளட்ச்சிலேயே வைத்துக்கொண்டு ஓட்டுகிறவள் யார்?

மார்ச் 13, புதன்

இன்று வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி.

“உனக்குப் பதினெட்டு வயசுலயே அப்பா பக்கத்துல உக்காந்து ஓட்டக் கத்துக்குடுத்தாரு. நான் கேட்டப்ப, ‘உனக்கெதுக்கும்மா’ன்னாரு. நாப்பது வயசுல டிரைவிங் ஸ்கூல்ல பசங்களோட பசங்களா நின்னு கத்துக்கிட்டேன். நான் கிளட்ச்ல கால வைக்கறேனா? நீ வைக்கற. புருஷனையும் அப்படித்தான் தேய்ச்ச, வண்டியையும் தேய்ச்சிட்ட.”

கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். வந்துவிட்டது.

அவள் குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள். பிறகு, “நான் கால எடுத்துட்டுதாங்க்கா ஓட்டறேன்... தெரியாம வச்சிடறேனோ என்னவோ” என்றாள்.

அந்த ‘என்னவோ’ போதும் எனக்கு.

மார்ச் 16, சனி

நாற்பது நிமிடம். பாப்பா கிடைக்கவில்லை. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வேலை, ஆறு மணிக்கு முடித்து அப்படியே கிளம்பியிருக்கிறாள். மேட்டில் பாதியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டதாம். ஓரங்கட்டி ஆறவிட்டுப் போயிருக்கிறாள். கேட்டுக்கு வெளியே இருந்தே பெண்ணைப் பார்த்துக் கையாட்டிவிட்டு வந்தாளாம்.

கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கிறது. காபி கலந்து கையில் கொடுத்தேன். ஆனாலும் வாய் சும்மா இருந்ததா? “கால எடு, கால எடுன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்” என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

கிளட்ச் சோதனை. புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்ச்சை மெதுவாக விட வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பட்டென்று நின்றுபோனால் நல்ல கிளட்ச்.

பட்டென்று நின்றது.

மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் நின்றது. கிளட்ச்சில் ஒரு குறையும் இல்லை.

தங்கை ஜன்னலிலிருந்து, “என்னக்கா ஆச்சு?” என்றாள். “பார்த்துக்கிட்டிருக்கேன், தொணதொணக்காத” என்றேன். இதில் பொய் ஒன்றும் இல்லையே?

மார்ச் 21, வியாழன்

எழுதத்தான் வேண்டும். இந்த நோட்டில் பொய் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

விடுமுறை என்பதால் கடைக்கு வண்டியை எடுத்துப் போனேன். திரும்பி வந்து வீட்டு வாசல் சரிவில் நிறுத்தினேன். கியர் நியூட்ரலில். ஹேண்ட் பிரேக் போடவில்லை, பிரேக்கிலிருந்து காலையும் எடுத்துவிட்டேன். இந்தச் சரிவில் வண்டி தானாக உருள வேண்டும். உருளவில்லை. அப்படியே நின்றது. இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன். இரண்டு விரல் பொசுங்கிவிட்டது. முன்சக்கரத்தில் அவ்வளவு சூடு இல்லை. பின்பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது, இத்தனை நாளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே மலை ஏறச் சொன்னால் எந்த வண்டி ஏறும்?

பிரேக் எப்படித் தானாகப் பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டே இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். ஜனவரி 8. என் கையெழுத்து. “தங்கை ஹேண்ட் பிரேக்கை அரைகுறையாக இழுத்து வைத்துவிட்டுப் போய், வண்டி நகர்ந்து குப்பைத்தொட்டியில் இடித்தது. ஹேண்ட் பிரேக் கம்பியின் நட்டை மூன்று சுற்று இறுக்கிவிட்டேன். இனி நகராது.”

இனி நகராது என்று நானே எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அந்தக் கம்பி இழுத்துப் பிடிப்பது பின்சக்கரங்களைத்தான்.

ஜனவரி 13-க்கு முன்னால் அவள் ஒரு வாரம்கூடத் தாமதமாகப் போனதில்லை. அதுவும் இந்த நோட்டிலேயே இருக்கிறது.

சாயங்காலம் என் விரலைப் பார்த்துவிட்டுத் தங்கை மருந்து தடவினாள். ஊதி ஊதித் தடவினாள். “என் வண்டிப் பாவம் உன்னையும் சுடுது பாரு” என்றாள். பத்து நிமிட வேலை. ஒரு ஸ்பானர், மூன்று சுற்றுத் தளர்த்தினால் முடிந்தது. ஆனால் தளர்த்தினால் என்ன செய்தாய் என்று கேட்பாளே. மூன்று வாரமாகப் பேசிய பேச்சையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச் 22, வெள்ளி

“அக்கா, நாளைக்கு டாக்ஸி புடிச்சிக்கட்டுமா? ரிஸ்க் எடுக்க பயமா இருக்கு.”

சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை.

“உன் இஷ்டம். ஆனா பொண்ணு உங்கிட்டயே வந்துட்டா, ஸ்கூலுக்கும் டாக்ஸிலயேதான் கூட்டிட்டுப் போவியா? சொந்த வண்டிய ஓட்டத் தெரியலன்னு அவன் சொல்றதுக்கு நீயே எடுத்துக் குடு.”

எழுந்து போய்ச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்பானர் சமையலறை டிராயரில்தான் இருக்கிறது.

மார்ச் 23, சனி

ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். இரண்டு முறை ஓரங்கட்டி ஆறவிட்டிருக்கிறாள். போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னாராம், பாப்பாவுக்குப் பயணப்பெட்டி வாங்கப் போயிருக்கிறார்கள் என்று.

அவன் வக்கீல் மத்தியானமே நோட்டீஸ் அனுப்பிவிட்டார். ஜனவரியிலிருந்து எத்தனை சனிக்கிழமை, எத்தனை நிமிடம், எல்லாம் வரிசையாக இருந்தது. என் பட்டியலைவிடச் சுத்தமான பட்டியல்.

மார்ச் 24, ஞாயிறு

அவள் தூங்கும்போது இறங்கிப் போய்த் தளர்த்திவிட்டேன். மூன்று சுற்று. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன். சக்கரம் சுகமாகச் சுற்றுகிறது. எட்டு நிமிடம்தான் ஆயிற்று.

மார்ச் 27, புதன்

தங்கை வேலை முடிந்து ஓடிவந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எத்தனை மாதமாயிற்று!

“அக்கா! நீ சொன்னதுதான் கரெக்ட்! இடது கால நல்லா இழுத்துத் தனியா வச்சி ஓட்டினேன். சும்மா பறக்குது! அப்போ இத்தன நாளா என் கால்தான்... சே, நான் எவ்ளோ பெரிய முட்டாள். உன்னைப் போட்டு வேற படுத்தி எடுத்துட்டேன்.”

என்னைக் கட்டிக்கொண்டாள்.

சொல்லியிருக்கலாம். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். “நாந்தான் சொன்னேனே” என்றேன்.

மார்ச் 30, சனி

எட்டரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். பாப்பா எழுந்திருக்கவே இல்லை. வக்கீலிடம் பெருமையாகச் சொன்னாள். ஒரு வாரத்தை வைத்துக்கொண்டு என்னம்மா செய்வது என்றார் அவர். வண்டியில் கோளாறு இருந்ததாக ஒரு மெக்கானிக் எழுதிக் கொடுத்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும் என்றும் சொன்னார்.

தங்கை என்னைப் பார்த்தாள். “கோளாறு ஒண்ணும் இல்லையேக்கா?”

“எல்லாம் சோதிச்சாச்சு” என்றேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி அம்மா சத்தம் போடாமல்தான் கேட்டார். எதனால் இத்தனை வாரம் தாமதம்?

வக்கீல் எழுந்தார். அதற்குள் இவளே பேசிவிட்டாள். பூசி மெழுகத் தெரியாதவள். “வண்டியில ஒண்ணும் இல்லம்மா. எனக்கு சரியா ஓட்டத் தெரியல. எங்க அக்கா முதல்லேருந்தே சொன்னாங்க, நான்தான் கேக்கல. இப்ப கத்துக்கிட்டேன். இனிமே லேட்டாகாது.”

வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். குழந்தையின் அப்பன் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்தேன்கூட. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று நினைத்து வாசலில் நின்ற ஆள் கதவைத் திறந்துவிட்டார். நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி சனிக்கிழமைகள் கிடையாது; வருஷத்துக்கு ஒரு முறை விடுமுறையில் அழைத்து வருவான்.

ஏப்ரல் 6, சனி

எங்கும் போகவில்லை. இனி இந்தக் கிழமைக்கு வேலை இல்லை.

ஏப்ரல் 11, வியாழன்

ஜனவரி 8-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் அதன் மறுபாதியும் கழன்று வரும். அதில் ரேஷன் கணக்கும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. விட்டுவிட்டேன். அவள் என் நோட்டைத் தொடுகிறவள் இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று பாப்பா புறப்பட்டது. கடைசியாக ஒரு தடவை விமான நிலையம் வரை அம்மாவோடு வரட்டும் என்று அவன் விட்டுக்கொடுத்தான். தங்கை சாவியை என் கையில் வைத்தாள். “நீயே ஓட்டுக்கா. இன்னிக்கும் என்னால லேட்டாயிட்டா தாங்க மாட்டேன்.”

மலை வீட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டு, இறங்கி, விமான நிலையத்துக்கு நாற்பது நிமிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். வழியெல்லாம் பாப்பா அம்மா மடியில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே வந்தது.

“பெரியம்மா ஓட்டினா வண்டி வேகமாப் போகுதே. அம்மா, நீ ஏன் எல்லா சனிக்கிழமையும் பெரியம்மாவையே ஓட்டச் சொல்லல?”

“தோணலடா கண்ணு” என்றாள் தங்கை. “அம்மாவோட தப்பு.”

நான் கியர் மாற்றினேன்.

திரும்பும்போது அவள் பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். முன்னால் வாடி என்றேன். “இருக்கட்டும்க்கா, நீ ஓட்டு” என்றாள். வீட்டுக்கு முந்தைய மேட்டில் மூன்றாவது கியருக்குக் குறைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நான்காவது கியரிலேயே ஏறிவிட்டது.