தட்டாத கை

8, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. ஐகிடோ உடுப்பு துவைத்தேன். மிச்ச வேலை: ரெக்கார்டு நோட்டு, பஸ் பாஸ், முடிவெட்டு. ஒன்றும் நடக்கவில்லை.
நைனா படகிலேயே இறந்து ஐந்து வாரம். அழுகை வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு வருகிறது.
அம்மா போன். "சனிக்கெழம ஏரியில நம்ம பாடுடா, நாம வல போடுற நாளு. நம்ம மொறைக்கு வீட்டு ஆம்பள எறங்கி முழு வலையும் இழுக்கணும். இல்லன்னா பங்கு போய்டும்னு ஊர்ல சொல்லிட்டாங்க." சரி என்றேன்.

10, புதன்
காலேஜ் ஐகிடோ கிளப்பில் ஆறு பேர்தான். மெத்தையில் எறும்பு. திவ்யா அக்கா (எம்.எஸ்சி., எனக்கு சீனியர்) பிடி பழகும்போது என் மணிக்கட்டை மடக்கினார். வலித்ததும் மெத்தையைத் தட்ட வேண்டும், உடனே விட்டுவிடுவார்கள். நான் தட்டவில்லை. உள்ளே 'டக்'கென்றது.
"இன்னாடா நீ! தட்ட மாட்டியா? ஒடஞ்சிருந்தா?" அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். பாவம்.
மாஸ்டர் திட்டவில்லை. "தட்டாதவன்கூட யாராலும் பழக முடியாது தம்பி" என்று ஓரமாக உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். ஃபேன் சுற்றுவதைப் பார்த்தேன்.

11, வியாழன்
கை வீக்கம். ஐஸ். கேன்டீனில் எலுமிச்சை சாதம், உப்பே இல்லை.

12, வெள்ளி
ஊருக்கு வந்தேன், தோணிரேவு. பஸ்ஸில் நின்றபடியே. முழுக்கைச் சட்டை போட்டதால் அம்மாவுக்குத் தெரியவில்லை. வாளை மீன் குழம்பு. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

13, சனி
காலை ஆறு. காற்றே இல்லை. படகில் நானும் மாமாவும் (அம்மாவின் தம்பி, நைனா போன அன்றும் கூட இருந்தவர்). "கை இன்னாடா?" "ஒண்ணுமில்ல மாமா."
வலை இழுக்கும்போது விரல் பிடிக்கவில்லை. கயிறு நழுவி ஒரு பக்கம் சரிந்தது. இறால் மொத்தமும் தண்ணீருக்குள்.
"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லித் தொலையேன்டா!" மாமா கத்தினார். "உங்க நைனாவும் இப்டிதான். நெஞ்ச புடிச்சிக்கினு குந்தினாரு. இன்னா பண்ணுதுன்னு கேட்டா ஒண்ணுமில்லன்னாரு. அப்பறம் முழு வலையும் இழுத்தாரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே திருப்பியிருப்பேனே."
இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.
பாதி வலை இன்னும் தண்ணீரில். விட்டுவிட்டுத் திரும்பினால் பங்கு போச்சு. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"வலிக்குது மாமா" என்றேன். "ரொம்ப வலிக்குது."
படகைத் திருப்பினார்.