பெட்ரோல் கேட்காத வண்டி

8-6-1943, செவ்வாய்
பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து புடவை மாற்றக்கூட விடவில்லை. கண்ணுச்சாமி அண்ணன் காகிதத்தோடு நின்றான். பத்திரிகைக்கு இன்னொரு கடிதமாம். யுத்தத்துக்காகப் பெட்ரோலுக்குக் கூப்பன் வைத்ததிலிருந்து இது எட்டாவது. "கரி அடுப்பு வைத்த கரிவாயு பஸ்ஸைத் தள்ளித் தள்ளியே ஜனங்கள் சலித்துவிட்டார்கள், பாட்டரியில் ஓடும் மோட்டார்தான் இனி வழி" என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருப்பதால் வந்த வினை.

அவன் ஊரெல்லாம் பேசிப் பேர் வாங்குகிறான். பாட்டரித் தகடு செய்வது யார்? அவன் பெண்டாட்டி, ராக்கம்மாள் மதினி. சிவப்பு ஈயப்பொடியைத் திராவகம் விட்டுப் பிசைந்து, ஈயச் சட்டங்களில் வெறும் விரலால் அப்புகிறாள். முழங்கைவரை சிவப்பு. அந்தக் கையோடேதான் சாப்பாடும்.

20-6-1943, ஞாயிறு
ஒத்தக்கடை போய்த் திரும்பும் வழியில் அண்ணன் செய்த பாட்டரி வண்டி நின்றுவிட்டது. மாடு பூட்டித் தல்லாகுளம் வரை இழுத்து வந்தார்கள். தெருவே சிரித்தது. நானும் உள்ளுக்குள் சிரித்தேன்.
"தகடு பத்தல. இன்னும் ஒரு மடங்கு வேணும்" என்றான், மதினியைப் பார்த்து.

2-7-1943
மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இவன் சொல்கிறான்: "மாசியில புள்ள கலைஞ்சுது, கெட்ட வயிறு. இப்ப வயித்து வலிங்கிறா. வேலைக்குச் சடைச்சு நடிக்கிறா."
கேட்டுக்கொண்டு நின்றேனே. என்னைச் சொல்ல வேண்டும்.

19-7-1943
மதினியால் கரண்டியைத் தூக்க முடியவில்லை. கையை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டுக்குக் கீழே கை அப்படியே தொங்கியது — அறுத்த கோழியின் கழுத்து மாதிரி.
"எம்புட்டுத் தம் கட்டியும் நிமிர மாட்டேங்குது பாண்டி" என்றாள்.

20-7-1943, செவ்வாய்
லீவு போட்டு மதினியை ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு ஓரமாக நீலக் கறுப்பில் ஒரு கோடு. "வீட்டில் ஈய வேலை நடக்கிறதா?" என்று கேட்டார். ஈயம் உடம்பில் ஏறியிருக்கிறதாம். வயிற்று வலியும் கை விழுந்ததும் அதனால்தான். பிள்ளை கலைந்ததற்கும் அதுவே காரணமாயிருக்கலாம். இனி தொடாவிட்டால் கை மெல்லப் பழையபடி ஆகலாம் என்று சொல்லி, சீட்டும் எழுதித் தந்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மதினி கேட்டாள்: "அப்ப என் வயிறு கெட்ட வயிறு இல்லையா?"

அண்ணனிடம் சொன்னேன். "ஆகஸ்டு அஞ்சாந்தேதி சர்க்கார் அதிகாரி வண்டி பாத்து சிபாரிசு செய்ய வாராரு. அதுக்குள்ள நாப்பது தகடு வேணும். அவளுக்கு முடியாட்டி நீ அப்பு" என்கிறான்! மனுசனா இவன்? எனக்குத் தாங்கல, கத்திட்டேன். "ஓங் கையால அப்புண்ணே. ஓங் கை தொங்கட்டும், நான் சோறு ஊட்டுறேன்." அடிக்க ஓங்கினான். மதினி குறுக்கே வந்து நின்றாள், அந்தத் தொங்கும் கையோடு.

26-7-1943
அவனியாபுரத்திலிருந்து இரண்டு பெண்களை வேலைக்குக் கூட்டி வந்தான். மதினியின் கையைத் தூக்கிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். இருவரும் திரும்பிப் போனார்கள். "கூடப் பொறந்த சனியன்" என்றான். இருந்துவிட்டுப் போகிறேன்.

5-8-1943, வியாழன்
கடைசியில் அவனே அப்பி முடித்திருந்தான். வண்டி ஒத்தக்கடை போய் நிற்காமல் திரும்பியது. சத்தமில்லை, புகையில்லை. பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதிகாரி இவன் தோளைத் தட்டினார். தகடு எங்கே செய்கிறீர்கள் என்று கேட்டார்.
"மெட்ராஸ்ல இருந்து வருதுங்க."
பொய். கூசாமல், மதினிக்கு முன்னாலேயே பொய்.

மதினியை முன்னால் கூட்டி வந்து நிறுத்தினேன். "இந்தக் கை செஞ்சதுய்யா. இதுக்கு மேல செய்யாது." டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டையும் நீட்டினேன். அதிகாரி அதைப் படித்தார். பிறகு மதினியின் கையைப் பார்த்தார். வீட்டில் இந்த வேலை நடக்கிறவரை சிபாரிசு செய்ய மாட்டேன் என்று சொல்லிக் காரில் ஏறிப் போய்விட்டார்.

"எங் குடியக் கெடுத்திட்ட" என்றான். எந்தக் குடி?

6-8-1943
பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது. "வாரியா மதினி?" என்றேன். துணி மூட்டையைக் கையால் தூக்க முடியாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

12-12-1943, ஞாயிறு
அண்ணனின் பக்கத்து வீட்டு அன்னக்கொடி வந்து சொன்னாள்: அண்ணன் தகடு வேலையை ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு மாற்றிவிட்டானாம். ஆட்கள் மூக்கில் துணி கட்டி, மரக்கரண்டியால் அப்புகிறார்களாம். மெய்யோ பொய்யோ. நான் போய்ப் பார்க்கப் போவதில்லை.

சாயங்காலம் மதினி என்னை உட்காரச் சொல்லித் தலை பின்னிவிட்டாள். ரொம்ப நேரமாயிற்று. பின்னல் தளர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. நாளைக்கு இப்படியேதான் பள்ளிக்கூடம் போவேன்.