மஞ்சள் சட்டை, எண் முப்பத்திரண்டு

லிண்டன் ஃபால்ஸ், அயோவா
செப்டம்பர் 1, 1958, திங்கள்

கர்த்தருக்குள் பிரியமான ஆர்வில்லுக்கு,

துவைத்த சட்டைகளுக்கு நடுவில் கையை விட்டுத் தேடி இதை எடுத்திருப்பீர்கள். உங்கள் உதவிக் கோச் கஸ் கையில் முதலில் சிக்கியிருந்தால், அவர் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு உங்களிடம் கொடுத்துவிடட்டும். ஏரிக்கரை முகாமில் தொலைபேசி இருக்கிறது, தெரியும். ஆனால் நம் லைனில் இன்னும் ஆறு வீடுகள் தொங்குகின்றன, யார் எடுத்தாலும் நாம் பேசுவது கேட்கும். நான் ஹலோ சொல்வதற்குள் திருமதி ஓல்சன் மூச்சு விடுவது கேட்கிறது. ஆகவே போன வருஷம் போலவே பால் வண்டி எல்மர்தான் நமக்குத் தபால்காரர்.

இந்த முறை பதினொரு சட்டைகளில் தோள் கிழிந்திருந்தது. முகாம் ஆரம்பித்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் இவ்வளவா! பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை விழத்தட்டுவதுதான் விளையாட்டு, சரி. சட்டையைப் பிடித்துத் தொங்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன்.

ரூத் நாளை புதுப் பள்ளிக்கூடம் போகிறாள். பாண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. "அம்மா, நாலு வருஷமும் இதே ஸ்கூல்லதானே?" என்று கேட்டாள். நான் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். கர்த்தருக்குச் சித்தமானால் என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மச்சில், வீடு மாற்றச் சாமான் கட்டும் அந்த ஒன்பது அட்டைப் பெட்டிகளையும் பார்த்தேன். குளவி கூடு கட்டியிருக்கிறது. கல்யாணமாகி ஐந்து ஊர் மாறிவிட்டோம், ஆர்வில். ஒவ்வொரு ஊரிலும் நான் ஒரு ரோஜாச் செடி வைத்து, அது பூக்கும் வருஷத்தில் உங்களை வேலையை விட்டு அனுப்புகிறார்கள். இந்த வருஷம் ஐந்து ஆட்டம் ஜெயித்தால் மூன்று வருஷ ஒப்பந்தம், இல்லையென்றால் நவம்பரோடு சரி என்று கல்லூரித் தலைவர் டாக்டர் பெர்க் சொன்னதிலிருந்து தினமும் ஐந்து, ஐந்து என்றே ஜெபிக்கிறேன். ஆண்டவரிடம் எண்ணிக்கை சொல்லிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

குழு எப்படி இருக்கிறது? மறைக்காமல் எழுதுங்கள். அந்தப் பெட்டிகளை எரிக்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொன்னால் போதும்.

உங்கள் பிரியமுள்ள,
வெர்னா


ஏரிக்கரை முகாம்
செப்டம்பர் 3, புதன்

அன்புள்ள வெர்னாவுக்கு,

கேட்டாய், சொல்கிறேன். முன்வரிசைப் பையன்கள் ஏழு பேரும் நல்ல எடை. ஆனால் கஸ் சொல்வது போல, "கோச், இவனுங்கள நகத்தணும்னா முன்னாடியே லெட்டர் போட்டுடணும்." பந்தைப் பிரித்துக் கொடுக்கும் ரோலண்டுக்குக் கை நன்றாக இருக்கிறது, நெஞ்சுதான் இல்லை. எதிரே இரண்டு பேர் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். தடுப்பு ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் முதல் வருஷப் பையன்கள். இரவில் வீட்டை நினைத்து அழுகிறார்கள், காலையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

லைல் ஹாகன் இருக்கிறான். அவ்வளவுதான் குழு. பந்தை அவன் கையில் வைத்துவிட்டால் நான் உட்கார்ந்துவிடலாம். அவன் இருந்தால் ஐந்து, ஆறுகூட வரும். அவன் இல்லாவிட்டால் இரண்டு, அதில் ஒன்று மழை பெய்தால்தான்.

பலகைப் பழக்கம் இந்த வருஷமும் உண்டு. சாப்பாட்டுக் கொட்டகைச் சுவரில் ஆணி அடித்த பலகை, ஒவ்வொருவன் பெயருக்கும் ஒரு மரத்துண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் துண்டுகளைக் கையில் கொடுத்து, எந்த வரிசை என்று சொல்கிறேன். அவனவன் துண்டை அவனவனே போய் மாட்ட வேண்டும். அடிபட்டவன் துண்டு கதவோரக் கடைசி ஆணிக்குப் போகும், மறுநாள் மஞ்சள் சட்டை. மஞ்சள் போட்டவனை யாரும் தொடக் கூடாது. அதனால்தானோ என்னவோ, ஒருவனுக்கும் எங்கேயும் வலிப்பதே இல்லை! நேற்று ஒருவன் நொண்டிக்கொண்டே வந்து, "ஷூ புதுசு கோச்" என்கிறான். போன வருஷத்து ஷூ.

எனக்கும் முழங்கால் வலிக்கிறது. கட்டில் கயிறு முதுகில் பதிகிறது. பையன்கள் கட்டாந்தரையில் படுக்கும்போது கோச் வீட்டு மெத்தையில் படுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான், யாரைத் திட்ட? கொசு என்னை மட்டும் சாப்பிடுகிறது.

பெட்டிகளை எரித்துவிடு. எரிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

உன்
ஆர்வில்


லிண்டன் ஃபால்ஸ்
செப்டம்பர் 7, ஞாயிறு

பிரியமான ஆர்வில்லுக்கு,

ஆராதனை முடிந்து பையன்களைச் சபையார் வீடு வீடாகச் சாப்பிடக் கூட்டிப்போனோம். கோச்சுகள் நீங்கள் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து பலகையை வெறித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நம் வீட்டுக்கு வந்தது ஐந்து பேர். லைலும் ரோலண்டும் அதில் உண்டு. ஹாம், உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், ஊறுகாய், கடைசியில் ஆப்பிள் கேக். இருபத்தாறு கதிர் வேகவைத்தேன், தட்டில் ஒன்று மிஞ்சியது. அது லைலுடையது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உட்கார்ந்ததும் லைல் ஜெபம் சொன்னான். எப்போதும் போல அழகாகத்தான் சொன்னான். சாப்பிட்டோம், பேசினோம். ரோலண்ட் ஒரே சிரிப்பு. "கோச்சம்மா, வெள்ளிக்கிழமை இவன் என்ன பண்ணான் தெரியுமா? ஒருத்தனோட மண்டையும் மண்டையும் முட்டிக்கிச்சு. எந்திரிச்சு நேரா எதிராளுங்க கூட்டத்துல போயி நின்னுக்கிட்டான்! அவனுங்க ரகசியமா பேசுறதெல்லாம் தலையாட்டிக் கேக்குறான்."

"வேவு பாத்தேன்டா," என்றான் லைல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம் கேக்கைக் கொண்டுவந்து வைத்தேன். லைல் கை கூப்பி, தலை குனிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஜெபம் சொன்னான். முழுசாக, ஆர்வில். பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "கேக்குக்குத் தனி ஜெபமாடா?" என்றான் ஒருவன். லைலும் சிரித்தான், ஆனால் எல்லாரும் சிரித்த பிறகு. நான் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வேடிக்கை என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். நம் ரூத்திடம், "உன் பேரென்னம்மா?" என்று கேட்டான். இரண்டு வருஷமாக அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன்.

தட்டுக் கழுவ வரச் சொல்லித் தனியே கேட்டேன். தலை வலிக்கிறதா என்றேன். கழுவிய தட்டையே மறுபடி கழுவினான். பிறகு, "கோச்சம்மா, மஞ்சச் சட்டை மட்டும் வேணாம். இந்த ஒரு வருஷம்தான் எனக்கு இருக்கு. கோச் கிட்ட சொல்லாதீங்க, நீங்க சத்தியம் பண்ணுங்க," என்றான். நான் சத்தியம் பண்ணுகிறவள் இல்லை என்று அவனுக்குத் தெரியும். தட்டைத் துடைத்து வைத்தேன்.

நீங்கள் வெள்ளிக்கிழமை பார்த்தீர்களா? பார்த்திருந்தால் சரி. பார்க்கவில்லையென்றால் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

வெர்னா


ஏரிக்கரை முகாம்
செப்டம்பர் 9, செவ்வாய்

அன்புள்ள வெர்னா,

பார்த்தேன். மயக்கம் தெளிய மூக்கில் நெடியடிக்கும் உப்பைக் காட்டினோம். பெயர் சொன்னான், ஊர் சொன்னான், கஸ் காட்டிய விரலைச் சரியாக எண்ணினான். "ஆறாவது விரல் எங்க கோச்?" என்று கேலி வேறு. கல்லூரி டாக்டர் வடக்கே மீன் பிடிக்கப் போயிருக்கிறார். இந்த விளையாட்டில் அடிபட்டு மண்டையில் மணி அடிக்காத பையன் கிடையாது. எனக்கே எத்தனையோ முறை அடித்திருக்கிறது. நேற்றும் இன்றும் அவன் ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை நாங்களே இரண்டாகப் பிரிந்து ஆடுகிறோம். டாக்டர் பெர்க்கும் பழைய மாணவர்களும் பார்க்க வருகிறார்கள். அவர்கள் லைலைப் பார்க்கத்தான் வருகிறார்கள், என்னையா? அன்றைக்கு அவன் மஞ்சளில் நின்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரூத்துக்கும் சேர்த்துத்தான் நான் யோசிக்கிறேன்.

மணி ஐந்துக்கு எழுந்து, வெயிலுக்கென்று உப்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டு, நாற்பது பையன்களை மேய்க்கிறேன். நீ சமையலறையிலிருந்து என் குழுவை நடத்தாதே.

பச்சைச் சாக்ஸ் இரண்டு குறைகிறது.

ஆர்வில்


லிண்டன் ஃபால்ஸ்
செப்டம்பர் 10, புதன்

ஆர்வில்லுக்கு,

சாக்ஸ் இதில் இருக்கிறது.

நேற்று ஜெபத்தில் வழக்கம் போல ஐந்து ஆட்டம் என்று கேட்க வந்தேன். வாய் வரவில்லை.  பிறகு, இதுவரை கேட்டதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் ஆண்டவரே என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். பதினாறு வருஷமாக நீங்கள் போகிற ஊருக்கெல்லாம் வந்திருக்கிறேன். ஆறாவது ஊருக்கும் வருவேன், முணுமுணுத்துக்கொண்டுதான் வருவேன். ஆனால் ஒரு பிள்ளையின் தலையை வாசற்படியாகப் போட்டு மிதித்து ஏறும் வீட்டில் என்னால் அடுப்பு மூட்ட முடியாது.

பழைய மஞ்சள் திரைத்துணி கொஞ்சம் இருந்தது. சட்டையாகத் தைத்து முப்பத்திரண்டு என்று எண் போட்டிருக்கிறேன். அவன் எண்.

ரூத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ மறுபடியும் வீடு மாத்தணுமா?" என்றாள். மாற்ற வேண்டிவரலாம் என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிளாரினெட் வாசித்தாள், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப. நான் மூட்டையின் அடியில் அந்தச் சட்டையை வைத்துக் கட்டும்போது வெளியே வந்து பார்த்தாள். "அடியில எதுக்கும்மா? மேல வெய்யி. அப்பா மொதல்ல அதப் பாக்கட்டும்," என்றாள்.

மேலேதான் வைத்திருக்கிறேன். இதைப் பற்றி இனி நான் எழுத மாட்டேன்.

வெர்னா


ஏரிக்கரை முகாம்
செப்டம்பர் 13, சனி

என் அன்புள்ள வெர்னாவுக்கு,

வியாழக்கிழமை மூட்டையைப் பிரித்ததும் சட்டையைப் பார்த்தேன். திரும்ப மடித்து என் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். கோபம்தான், மறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம் போல மரத்துண்டுகளைக் கொடுத்தேன். லைல், முதல் வரிசை என்றேன். இரண்டு வருஷமாக அவன் துண்டு தொங்குகிற அதே ஆணி. பலகைக்கு முன்னால் போய் நின்றான். நிற்கிறான், நிற்கிறான். ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துப் படிக்கிறான். பின்னால் பையன்கள், "டேய் லைல், பசிக்குதுடா, மாட்டித் தொலை!" என்று கத்துகிறார்கள். கிட்டே போனேன். "என்னடா தேடுற?" என்றேன்.

"என் பேரத்தான் கோச். இங்க காணோமே. எடுத்துட்டீங்களா?" என்றான்.

அவன் பெயர் எழுதிய துண்டு அவன் கையிலேயே இருந்தது, வெர்னா. இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதை வாங்கி நானே கதவோர ஆணியில் மாட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. 

நேற்று கஸ் காரில் அவனை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இனி இந்த வருஷம் ஆட்டமே கூடாது என்கிறார் அங்கிருக்கும் டாக்டர். இன்னொரு அடி பட்டிருந்தால் என்று கஸ்ஸிடம் ஆரம்பித்தாராம், முடிக்கவில்லையாம். ஓய்வெடுத்தால் தேறிவிடுவானாம்.

லைல் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆனாலும் இன்று உன் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு மரத்தடி நிழலில் உட்கார்ந்திருந்தான். முன்னால் நடந்த ஆட்டம் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை. ரோலண்ட் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த பந்து பழைய மாணவர் ஒருவரின் தொப்பியில் விழுந்தது. டாக்டர் பெர்க் என் பக்கத்தில் வந்து, "அந்தப் பையன் ஏன் மஞ்சளில் இருக்கிறான்?" என்றார். சொன்னேன். "கோச், நவம்பரில் பேசுவோம்," என்றார். கைகொடுத்துவிட்டுத்தான் போனார்.

என் கணிப்பு கேட்டிருந்தாய். இரண்டு ஆட்டம். மழை பெய்தால்.

சமையலறையைப் பற்றி எழுதியதை அழித்துவிட்டுப் படி. இரவில் தூக்கம் வருகிறது, அது ஒன்று.

பெட்டிகளை எரிக்காதே.

உன்
ஆர்வில்


லிண்டன் ஃபால்ஸ்
செப்டம்பர் 14, ஞாயிறு

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான ஆர்வில்லுக்கு,

எல்மர் ஞாயிற்றுக்கிழமையிலும் பால் போடுகிறவர், அதற்காக ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தைக் கோவிலுக்குப் போகும் முன்பே படித்துவிட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்து அழுதேன். திருமதி ஓல்சன் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

பெட்டிகள் இல்லை. எரித்துவிடு என்ற உங்கள் முதல் கடிதம் கிடைத்த அன்றே கொல்லைப் பீப்பாயில் போட்டு எரித்துவிட்டேன், குளவிக் கூட்டோடு. அவ்வளவு ஆசை எனக்கு. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. மஞ்சள் சட்டையைத் தைக்கும்போது, பெட்டிகூட இல்லாமல் எப்படி வீடு மாற்றுவது என்றுதான் ஊசியைக் கோத்தேன். கோத்த பிறகு யோசிக்கவில்லை.

மளிகைக் கடை நீல்சனிடம் நேற்றே சொல்லி வைத்துவிட்டேன். "நல்ல கெட்டியான ஆப்பிள் பெட்டியா பாத்து எடுத்து வெக்கிறேன் கோச்சம்மா, மெதுவா வாங்கிக்கலாம்," என்றார். ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் நான் விட்டுவிட்டுப் போக வருந்தும் ஆட்களில் அவர் ஒருவர். ரோஜா இன்னும் பூக்கவில்லை. ஒருவேளை பூப்பதற்கு முன்பே கிளம்புவது இதுவே முதல் முறையாக இருக்கும்.

சட்டை அழுக்கே ஆகவில்லை, வேர்வை மட்டும்தான். துவைத்து அனுப்புகிறேன். அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டியிருக்கும்.

முகாம் முடிந்து வருகிற ஞாயிறு நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். லைலையும் கூட்டி வாருங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே வரட்டும். அவனை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவைக்க ரூத் நாற்காலியை இப்போதே திருப்பிப் போட்டுவிட்டாள். ஜெபமும் அவனே சொல்லட்டும். இரண்டு முறை சொன்னால், நாம் இரண்டு முறை ஆமென் சொல்லிக்கொள்வோம்.

உங்கள் பிரியமுள்ள,
வெர்னா