மாத்திரைக் கவரில் இரண்டு சூரியன்

தூத்துக்குடி
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் ஜெப்ஸிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய தயவால் வீட்டில் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் மக்கர் பண்ணுகிறது. உன் சுகத்தைக் கேட்கத்தான் வாரம் முழுக்க போன் போடுகிறேன், நீ எடுக்கவில்லை, நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி மெசேஜ் மட்டும் வருகிறது. அதனால்தான் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். போனை எடுக்காமல் இருக்கலாம், பார்சலைப் பிரிக்காமல் இருக்க முடியாதே. முந்திரிக்கொத்து, கருப்பட்டி, இட்லிப்பொடி வைத்திருக்கிறேன். உன் அறைத்தோழி குஜராத்திப் பிள்ளை என்பதால் கருவாடு வைக்கவில்லை. முந்திரிக்கொத்தில் அவளுக்கும் கொடு.

இங்கே மார்ச்சிலேயே வெயில் கொளுத்துகிறது. பெனிஸ்டனுக்குத் துறைமுகத்தில் இந்த மாதம் முழுக்க ராத்திரி ஷிப்ட், கண்டெய்னர் யார்டில் நின்றுவிட்டு வந்து பகலெல்லாம் தூங்குகிறான். போன வாரம் அவன் உன்னிடம் போனில் உளறியது எனக்கு மறுநாள்தான் தெரியும். "உன் படத்தைப் பாத்து ஒரு பொம்பள மயங்கி விழுந்துட்டா" என்று சொன்னானாம். உன் அண்ணன் நல்லவன்தான், ஆனால் ஒரு விஷயத்துக்குத் தலையும் உண்டு வாலும் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. நான் நன்றாகத் திட்டினேன். நடந்தது என்ன என்று முழுசாக நான்தான் உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும், பரீட்சை நேரத்தில் உன் மனசைக் கெடுக்க வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன், அது இப்படி வந்து முடிந்தது.

நீ அப்பாவுக்கு மெயிலில் அனுப்பிய கட்டுரையை அப்பா எனக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார்கள். உன் 'ப்ராக்டிஸ்' எப்படி வளர்ந்தது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள் போல. டாக்டர்தான் ப்ராக்டிஸ் பண்ணுவார், வக்கீல் பண்ணுவார், படம் வரைகிறவர்களுக்கும் உண்டா என்று கேட்டேன், உண்டு என்று அப்பா சொன்னார்கள். முதல் வருஷம் எல்லாப் படமும் அழகாக இருக்க வேண்டும் என்று கோடு மேல் கோடு போட்டாய், ரெண்டாம் வருஷம் எதை எடுத்துவிட்டாலும் படம் நிற்குமோ அதை எடுக்கக் கற்றுக்கொண்டாய், கிறிஸ்மஸ் லீவில் நம் மெடிக்கலில் உட்கார்ந்திருந்தபோதுதான் படம் ஒருவருடைய கையில் போய் வேலை செய்யும் என்று பிடிபட்டது என்று எழுதியிருந்தாய். அதுவரைக்கும் எனக்குப் பிடித்திருந்தது. கடைசிப் பக்கம் இந்த வாரம் சேர்த்தது என்று கேட்கும்போதே தெரிந்தது. இனிமேல் யாருக்கும் பயன்படுகிற படம் வரைய மாட்டேன், மாத்திரைக் கவர் படங்களை வாத்தியார்கள் உட்கார்ந்து பார்க்கிற அந்த ஜூரிக்கு வைக்க மாட்டேன், இலையும் பூவும் வரைந்துகொண்டு போகிறேன் என்று முடித்திருந்தாய். அந்த இடம் வந்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அவளாக முடிவு எடுக்கட்டும், ஆனால் பெனிஸ்டன் சொன்னதை மட்டும் வைத்து எடுக்க வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ வரைந்து பிரிண்ட் போட்டுத் தந்த ஸ்டிக்கர் ஜனவரி முழுக்கத் தாராளமாக இருந்தது. மஞ்சள் சூரியன் காலை, ஆரஞ்சுச் சூரியன் மாலை, நீலத்தில் பிறை ராத்திரி. தருவைகுளத்தில் நம் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது, வாசிக்கத் தெரிந்தவர்களுக்கும் டாக்டர் கிறுக்கலும் என் கிறுக்கலும் ஒன்றுதான். கவரில் உன் படத்தை ஒட்டிக் கொடுத்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். பிப்ரவரியில் ஸ்டிக்கர் தீர்ந்தது. உன்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மிச்சமிருந்த ஒரு தாளைப் பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்து வெட்டி ஒட்ட ஆரம்பித்தேன். ஜெராக்ஸில் மஞ்சளும் கறுப்பு, ஆரஞ்சும் கறுப்பு. ஒரு கோடு, கோட்டுக்கு மேலே பாதிச் சூரியன். காலையும் அதுதான், மாலையும் அதுதான். தினமும் நூறு கவர் ஒட்டியிருப்பேன், அது என் கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் எது எந்த மாத்திரை என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

இசபெல்லாக்காவை உனக்குத் தெரியும், லீவில் நீ கடையில் இருந்தபோது உன் தலைமுடியைப் பிடித்துப் பார்த்து எண்ணெய் வைக்கச் சொன்னாளே, அந்த அக்காதான், ஏலக்கூடத்தில் நண்டு எடுத்து டவுனுக்கு விற்கிறவள். ஜனவரியில் அவளுக்கு ஒரு சுகர் மாத்திரைதான். பிப்ரவரிக் கடைசியில் டாக்டர் காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று என்று மாற்றி எழுதினார். நான் ரெண்டு கவரில் போட்டுப் படம் ஒட்டிக் கொடுத்தேன். வழக்கமாக நான் ஒவ்வொருவருக்கும் வாயால் ரெண்டு தரம் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு அனுப்புவேன், அது உனக்கே தெரியும். படம் வந்த பிறகு சொல்வது குறைந்துவிட்டது. படம்தான் இருக்கிறதே என்ற நினைப்பு. அவளும் கவரைப் பார்த்துத் தலையாட்டினாள், நான் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அவர்கள் கத்தோலிக்கர், இப்போது தவக்காலம். வெள்ளிக்கிழமை ஒருசந்தி என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். ரெண்டு கவரிலும் சூரியன் எழும்புகிற மாதிரி இருந்ததால் ரெண்டு மாத்திரையையும் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு ஏலத்துக்குப் போய்விட்டாள். அங்கே வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கி, நண்டுக் கூடை மேலேயே சாய்ந்துவிட்டாள். வெயில் மயக்கம் என்று முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், எழும்பவில்லை, ஆட்டோவில் தூக்கிப் போட்டு நம் கடைக்குக் கொண்டுவந்தார்கள். வியர்வையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம், விரலில் குத்திப் பார்த்தால் சுகர் ஐம்பதுக்குக் கீழே. பாதி நினைவுதான் இருந்தது, வாயில் எதையும் ஊற்றப் பயமாக இருந்தது. குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈறில் தடவினேன், விழுங்க ஆரம்பித்ததும் கரைத்துக் கொடுத்தேன். கண்ணைத் திறந்து கடைசியில் என்ன கேட்டாள் தெரியுமா, நண்டை யார் பாத்துக்கிடுதா என்று கேட்டாள். பிறகு அதே ஆட்டோவில் நானும் ஏறி டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு, ஏறின சுகர் திரும்பவும் இறங்கும், அதனால் ரெண்டு நாள் வைத்திருந்து டிரிப் ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள், ஒருசந்தி இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவர்கள் சாமியாரும் அதையே சொன்னாராம். அவள் நன்றாக இருப்பதை முதலிலேயே எழுதியிருக்கலாம், ஆனால் நடந்தபடி எழுதினால்தான் எனக்கு வருகிறது.

அவள் வீட்டுக்காரர் செபாஸ்டின் அண்ணாச்சி அப்போது தங்கலுக்கு, நாலைந்து நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தார். கரைக்கு வந்ததும் நேரே கடைக்கு வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். சட்டைப் பையிலிருந்து ரெண்டு கவரையும் எடுத்து மேஜைக் கண்ணாடி மேல் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, "தங்கச்சி, இதுல எது காலைக்கு, எது சாயந்தரத்துக்கு, நீங்களே சொல்லுங்க, எனக்கும் தெரியல" என்றார். சத்தம் போடவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நானும் குனிந்து பார்க்கிறேன் ஜெப்ஸி, எனக்கும் தெரியவில்லை. மாத்திரையை வெளியே எடுத்துப் பேரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மகள் தந்ததில் கலர் இருந்தது, ஜெராக்ஸ் எடுத்தது நான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் கவரைத் திரும்பவும் பார்த்துவிட்டு, இங்கே சூரியன் கடலிலிருந்து ஏறித்தான் பார்த்திருக்கிறோம், கடலில் இறங்கிப் பார்த்ததில்லை, கோட்டுக்கு மேலே சூரியன் நின்றால் அவளுக்கு விடியல்தான் என்றார். கலரில் இருந்திருந்தாலும் அவள் குழம்பியிருப்பாளா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று இதையும் எழுதுகிறேன். கொஞ்சம் என் ஜெராக்ஸ், கொஞ்சம் உன் கோடு, கொஞ்சம் என் வாய் சும்மா இருந்தது. முழுசையும் நீ ஒருத்தியே தூக்கிச் சுமந்தால் என் பங்கை நான் எங்கே கொண்டு வைப்பேன்.

அப்பா அன்றைக்கே படத்தையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார்கள். நாளைக்கு ஒருவர் கம்ப்ளெய்ண்ட் கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும், மார்க்கரில் காலை மாலை என்று எழுதிக் கொடு, அதுதான் முறை என்றார்கள். அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடையில் மிச்சம் இருந்த ஜெராக்ஸ் அத்தனையையும் கிழித்துப் போட்டேன். கவர் வாங்கிப் போனவர்கள் வீட்டுக்கெல்லாம் ஞாபகம் வந்த வரைக்கும் ஆள் அனுப்பியும் நானே போயும் சொல்லிவிட்டு வந்தேன். நல்லவேளை, வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து எழுத்துதான்.

போன செவ்வாய்க்கிழமை இசபெல்லாக்கா மாத்திரை வாங்க வந்தாள். எழுத்துப் போட்ட கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன் தங்கச்சி, படத்தக் காணும்" என்றாள். நடந்தது போதாதா, இனிமேல் படம் வேண்டாம் என்று எடுத்துவிட்டோம் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட அவள் கோபப்படவில்லை. "விழுந்தது நானு. படம் வேண்டாம்னு நான் சொன்னனா. இதுல என்ன எழுதியிருக்குன்னு மருமகள் வேலைக்குப் போயிட்டு வார வரைக்கும் நான் காத்துக் கெடக்கணுமா" என்று கேட்டாள். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தப்பாகப் போயிருந்தால் சரியாகப் போடச் சொல்ல வேண்டியதுதானே, அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்டாள். நீ அகமதாபாத்தில் இருக்கிறாய் என்றேன். சரி, நீங்க வரைங்க என்றாள்.

நான் வரைந்தேன் மகளே. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் சூரியனைப் போட்டேன், அவள் அதைப் பார்த்துவிட்டு நண்டா என்று கேட்டாள். கடையில் மருந்து வாங்க நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. சாயங்காலத்துக்கு என்ன போடலாம் என்று கேட்டேன். கோயில் மணி போடுங்க என்றாள், போட்டு முடிப்பதற்குள் அவளே, மணி காலையிலும் அடிக்குமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். டீ கிளாஸ் போடலாமா என்று நான் கேட்டேன், டீ எந்த நேரம்தான் குடிக்கவில்லை என்றாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிற மாதிரி போடலாம் என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர், அவ்வளவு சின்னத் தாளில் அத்தனை பிள்ளைகளை யார் வரைவது என்று அதுவும் நின்றுபோனது. ஒன்றும் முடிவாகவில்லை. அன்றைக்கு அவளுக்கு மட்டும் மாலைக் கவரின் மூலையைக் கத்தரித்துக் கொடுத்து, மூலை இல்லாதது சாயந்தரம் என்று சொல்லி, அவளையும் மூன்று தரம் சொல்லச் சொல்லி அனுப்பினேன். அது ஒருத்திக்குச் சரி. கடைக்கு வருகிற எல்லோருக்கும் எதைக் கத்தரிப்பது.

அப்பாவிடம் வந்து சொன்னேன். நேற்றுதான், புதுசாக வரைந்தால் கடையில் ஒட்டுவதற்கு முன்னால் பத்துப் பேரிடம் காட்டிக் கேட்க வேண்டும், எழுத்தும் படமும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுத்தாலும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்று மூன்று விஷயம் சொன்னார்கள். அதற்கு அர்த்தம் சரி என்பதுதான், அப்பாவை உனக்குத் தெரியாதா.

உன் கட்டுரையில் கோட்டைப் பற்றி இருக்கிறது, கலரைப் பற்றி இருக்கிறது, உன் கை எப்படிப் பழகியது என்று இருக்கிறது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இசபெல்லாக்கா அதில் இல்லை, எப்படி இருப்பாள், உனக்கு நான் சொன்னால்தானே தெரியும். இப்போது சொல்லிவிட்டேன். ஜூரிக்கு எதை வைக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அது உன் தொழில்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இசபெல்லாக்கா கடைக்கு வருகிறாள். கடைக்கு லீவுதான், அவளுக்காகவே திறக்கிறேன். வீடியோ காலில் உன்னிடம் பேச வேண்டுமாம். அந்தப் பிள்ளை வரைந்து வரைந்து காட்டட்டும், நான் பாத்துச் சொல்லுதேன் என்றாள். செபாஸ்டின் அண்ணாச்சி கரையில் இருந்தால் அவரும் வருவார். நீ வரைவாய் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, போனை எடுப்பாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். வரைய மனசில்லை என்றால் அதுவும் சரிதான், உன்னை நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மாட்டேன் என்பதை அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல்லிவிடு. உனக்காக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி அந்த ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டு இருக்காதே, முந்திரிக்கொத்து டப்பாவில் ஈரக் கையைப் போடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கை செய்கிற வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பா முத்தம் சொல்லச் சொன்னார்கள். பெனிஸ்டன் தூங்குகிறான், எழுந்ததும் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா
ஜீவமணி செல்வதுரை