எறும்பு பேசுகிற இடம்

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். குட்டி பக்கத்து வீட்டுல விளையாடறா, கூட்டிக்கோ. என் சாவி தொலைஞ்சுபோச்சு. நான் லாரி லோடை இறக்கிட்டு வந்ததும் எல்லாத்துக்கும் சேர்த்துத் திட்டு.

நான் வெளியூர் போறப்ப அவ கேக்கட்டும்னு பழைய போன்ல யானை, எறும்பு கதை பதிஞ்சேனே, அதுல ஒரு தப்பு நடந்திருக்கு. யானை வந்து எறும்பு வீட்டுமேல உட்கார்ற நேரம் பார்த்து நீ அடுப்படியிலேர்ந்து, "இந்த வீட்டுல நான் ஒருத்தி இருக்கறது தெரியுதா இல்லையா?"ன்னு கத்தினது அப்படியே விழுந்திருக்கு. எறும்புதான் பேசுதுன்னு குட்டி நினைச்சுட்டா.

இப்பல்லாம் அவ வகுப்புல படம் காட்டினா யாரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்லையாம், காதால கேக்கற கதைதான் வேணுமாம். டீச்சர் கேட்டாங்கன்னு நம்ம கதையை அனுப்பிவெச்சேன். மொத்த வகுப்பும் உன் வரியைக் கோரஸா சொல்லுதாம்.

மானம் போகுதேன்னு நேத்து உன் குரல் இல்லாம புதுசா பதிஞ்சேன். "எறும்பு ஏன் பேசல?"ன்னு ஒரே அழுகை.

அதனால அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் சும்மா விட்டு மறுபடி பதிஞ்சிருக்கேன். குட்டியோட உட்கார்ந்து கேளு, இடம் வந்ததும் நீயே பேசு. என்ன பேசினாலும் சரி.

பி.கு.: அன்னிக்கு நீ கேட்டதுக்குப் பதில் சொல்லாம நான் பாட்டுக்குக் கதையை முடிச்சுட்டேன். தெரியுது.