தங்கச்சியின் முறை

குளிர்க் கோட்டுகளை எடுக்க இன்று அலுமாரியைத் திறந்தபோது, அவற்றின் அடியில் உமது லப்ரொப் கணினி கிடந்தது. பங்குனியில், உமது செத்தவீடு முடிந்து கொஞ்ச நாளில், அஜக்ஸிலிருந்து உமது மனுசன் கொண்டுவந்து தந்தது. "உதை ஸ்ரெலாவிட்டைத்தான் குடுக்கவேணும் எண்டு சொன்னவ," என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கோட்டுகளுக்குக் கீழே வைத்துவிட்டு, கோடை முழுவதும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். இன்று மூடியைத் திறந்ததும் தைலம் மணத்தது. நெற்றியில் பூசிய விரலோடேயே தட்டச்சுச் செய்வீரே, அந்த மணம். ஆள் போய்விட்டீர், எழுத்துகளுக்கு இன்னும் தலையிடி மாறவில்லை.

நாங்கள் சந்தித்தது ஊரில் சண்டை முடிகிற அந்த மாரியில். இரண்டு பேருக்கும் ஃபக்டரி வேலை போயிருந்தது. கனடா அரசாங்கம் எங்களைத் திரும்பப் படிக்க அனுப்பியது. ஸ்காபரோவில் ஒரு கல்லூரி, சி என்ற கணினி மொழியில் நிரல் எழுதும் வகுப்பு, முன்வரிசையெல்லாம் எங்கள் பிள்ளைகள் எட்டப்போகிற வயதுப் பெடியள். பின்வரிசையில் நீரும் நானும். நீர் வன்னி, நான் தீவுப்பகுதி. நீர் திருநீறு, நான் செபமாலை. ஆனால் டோர்செட் பார்க்கில் ஒரே கட்டடத்தில் இரண்டு மாடி வித்தியாசத்தில் இருந்தோம் என்பது முதல்நாள் பஸ்ஸில்தான் தெரியவந்தது. கடைசிவரை நீர், உமக்கு என்றுதான் பேசிக்கொண்டோம். அதற்குள்ளேயே எவ்வளவோ நெருக்கம் இருந்தது.

வாத்தியார் ஒரு ருமேனியக்காரர். சிரிக்கவே மாட்டார். மாசி முடிவில் அவர் எங்களுக்குத் தந்த வேலை, இரண்டு பேர் மாறி மாறி விளையாடும் கட்ட ஆட்டம் ஒன்றை எழுதுவது. ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து. தன் முறை வரும்போது ஓர் எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தவேண்டும். ஒரே கோட்டில் நாலு காய் வைத்தவர் வென்றார். வகுப்பில் எல்லாரும் முதலாம் ஆட்டக்காரர், இரண்டாம் ஆட்டக்காரர் என்று எழுதினோம். நீர் முதலாவதாக 'அக்கா' என்றும் இரண்டாவதாக 'தங்கச்சி' என்றும் ஆங்கில எழுத்தில் போட்டிருந்தீர்.

நான் அதைப் பகிடி பண்ணினேன். "என்ன, வீட்டுக்குள்ளையே சண்டையோ?" என்றேன். அப்போதுதான் சொன்னீர். உமது தங்கச்சி புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்தாள். போன வருடம் முழுவதும் நீங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் இந்த ஆட்டத்தைத்தான் விளையாடியிருக்கிறீர்கள். அவள் ஒரு கடையில் வந்து காத்திருப்பாள், நீர் இங்கிருந்து எடுப்பீர். ஆளுக்கொரு தாளில் கட்டம். சாப்பிட்டியா, செல் குண்டு விழுந்ததா என்று கேட்டால் அவள் அழுவாள் என்பதால், "எம் போட்டிட்டன், உன்ரை முறை" என்று தொடங்குவீராம். கடைசியாகக் கதைத்த அன்று நீர் உமது காயை வைத்துவிட்டீர். "அக்கா, பொறு, யோசிச்சுச் சொல்லுறன். நீ ஃபோனை வை," என்றிருக்கிறாள். நீர் வைத்தீர். அதற்குப் பிறகு அந்த இலக்கத்தில் ஆள் இல்லை, கடை இல்லை, ஊரே இல்லை.

பகிடி பண்ணினதுக்கு என் வாயிலேயே அடிக்கவேண்டும் போல இருந்தது. நீரோ ஒன்றும் நடக்காத மாதிரி அந்தத் தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தீர்.

அது நடந்தது சித்திரையில் ஒரு மத்தியானம். கல்லூரியின் கொம்பியூட்டர் அறையில் நாங்கள் மட்டும் இருந்தோம். தாளில் இருந்த காய்களையெல்லாம் நிரலின் வரிகளிலேயே எழுதி ஏற்றி முடித்திருந்தீர். மிச்சம் இருந்தது நீர் தொலைபேசியில் கடைசியாக வைத்த அந்தக் காய் மட்டும்தான். எழுத்தைத் தட்டினீர். என்டரை அழுத்தினீர். விரல் மேலே எழும்பவில்லை, அதற்குள் திரை மாறிவிட்டது. இடதுபக்க மேல்மூலையில், யாரும் தொடாத கட்டத்தில், தங்கச்சியின் காய் இருந்தது. கீழே 'அக்கா' என்று எழுதி, உமது பதிலுக்காக நின்றது.

"போட்டிட்டாள்," என்றீர்.

சத்தம் போடவில்லை, அழவில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னீர்.  நான்தான் சிலுவை போட்டுக்கொண்டேன். நீர் இன்னோர் எழுத்தைத் தட்டினீர். மேல்வரிசையில் அடுத்த கட்டத்தில் அவளுடைய இரண்டாவது காய் வந்து உட்கார்ந்தது.

மறுநாளே வாத்தியார் அதற்கு விளக்கம் சொல்லிவிட்டார். எங்களுக்கு மட்டுமில்லை, பாதி வகுப்புக்கும் அந்தப் பிழை இருந்தது. நாங்கள் எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தும்போது, நிரல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. என்டர் வரிசையில் அப்படியே நிற்கிறது. அடுத்தவரின் முறை வந்ததும், அவர் கை வைக்க முதல், அந்த மிச்ச என்டரையே அவருடைய பதில் என்று எடுத்துவிடுகிறது. உமது நிரலில், விளங்காத பதில் வந்தால் முதலாவது வெறுங்கட்டத்தில் காயை வை என்றும் எழுதியிருந்தீர். அதுதான் மேல்மூலை. திருத்துவதும் சின்ன வேலை. பதிலை வாங்கும் வரியில், மேற்கோள் குறிக்குள், ஓர் இடைவெளி விட்டால் போதும், மிச்ச என்டரை அது விழுங்கிவிடும். பெடியள் சிரித்துச் சிரித்துத் திருத்தினார்கள். எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

நீர் திருத்தவில்லை.

ஒவ்வொரு மத்தியானமும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தாளில் இருந்தபடி காய்களை ஏற்றி, ஆட்டத்தைத் தொடங்குவீர். நீர் ஒன்று வைக்க அவள் ஒன்று. இடமிருந்து வலமாக, மேல்வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக. நாலாவது வந்ததும் 'தங்கச்சி வென்றாள்' என்று திரை சொல்லும். நீர் ஒரு வாய் சோறு சாப்பிடுவீர். பிறகு முதலிலிருந்து. குறுக்கே ஒரு காய் வைத்து மறித்தால் அவளால் வெல்லமுடியாது. ஒருநாளும் மறிக்கவில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பயமாக இருந்தது. இது ஒரு மிச்ச என்டர் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்தக் காய் வரும் வேகத்தைப் பார்க்கும்போது, அவள் அவசரப்படுகிறாள் என்றுதான் தோன்றும்.

பின்னேரங்களில் யூனிவர்சிற்றி அவெனியூவில், சண்டையை நிறுத்தச் சொல்லி, சனத்தோடு சனமாக நின்று கத்திவிட்டு வருவீர். அடுத்த நாள் குரல் இருக்காது. குரல் இல்லாத நாட்களில் நீர் அந்த ஆட்டத்தை விளையாடுவதைப் பார்க்க இன்னும் பயம். வைகாசியில் நான் பொறுமை இழந்து நேரே கேட்டேன்.

"உது அவள் போடுறேல்லை. உமக்கு விளங்குதோ?"

"ஓம். வாத்தியார் சொல்ல முந்தியே தெரியும்."

"பிறகேன் திருத்தாமல் வைச்சிருக்கிறீர்? உப்பிடியே குடுத்தால் ஃபெயில். திரும்பவும் முதலிலையிருந்து படிக்கவேணும்."

"திருத்தினால் அது அவளுக்காகப் பாத்துக்கொண்டு நிக்கும், ஸ்ரெலா. அவள் போடாட்டி அப்பிடியே நிக்கும். அதைப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலுமோ தெரியேல்லை."

 

சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்ன அன்று, இங்கே விக்டோரியா நாள் விடுமுறை. மறுநாள் நிரலைக் கொடுக்கவேண்டும். நான் இரண்டு மாடி ஏறி உமது வீட்டுக்கு வந்தபோது தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மனுசன் வேலைக்குப் போயிருந்தார். நீர் தரையில் இருந்து அந்த லப்ரொப்பை மடியில் வைத்திருந்தீர். இருட்டத் தொடங்கியதும் வெளியே வாணவேடிக்கை வெடித்தது. ராணியின் பிறந்தநாளுக்கு. ஒவ்வொரு வெடிக்கும் உமது தலை தானாகக் குனிந்தது. இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் குனிந்தது. பல்கனிக் கண்ணாடியில் பச்சையும் சிவப்பும் விழ, கீழே பிள்ளைகள் கைதட்டிக் கூவினார்கள்.

"எங்கை இடைவெளி விடவேணும் எண்டு காட்டும்," என்றீர்.

காட்டினேன். உமது பெருவிரல் விசைப்பலகையின் அந்த நீளக் கட்டையை ஒருதரம் தொட்டது. அவ்வளவுதான். பிறகு காய்களை ஏற்றினீர், உமது கடைசி எழுத்தைத் தட்டினீர், என்டரை அழுத்தினீர்.

ஒன்றும் நடக்கவில்லை. 'தங்கச்சி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நின்றது. மேல்மூலை வெறுமையாக இருந்தது. வெடிச்சத்தம் ஓய்ந்த பிறகும் அது மின்னியது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காய் தானாக வந்த நாட்களில் கூட எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் உண்மையாகவே ஒருவர் இருந்து யோசிப்பதுபோல இருந்தது.

"இனி அவள் வந்துதான் போடவேணும்," என்றீர். "ஆட்டம் முடியாட்டி ஆளும் முடியேல்லை."

நீர் பாஸ் பண்ணினீர். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. முகாம்களில் இருந்தவர்களின் பெயர்களில் அவளைத் தேடினீர், வந்தவர்களை விசாரித்தீர், ஊருக்குப் போனவர்களிடம் சொல்லிவிட்டீர். கண்டேன் என்று சொல்லவும் ஆள் இல்லை, செத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஆள் இல்லை. நீங்கள் அஜக்ஸில் வீடு வாங்கிப் போனீர்கள். பிள்ளைகளின் படிப்பு, வேலை, கலியாணம் என்று எல்லாம் கதைத்தோம், இதைத் தவிர. ஒரேயொருதரம், நாலு-பூச்சியம்-ஒன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்குப்பட்டு நின்றபோது, மெல்லக் கேட்டுப்பார்த்தேன். முன்னால் நின்ற லொறியைப் பார்த்தபடி, "அவளின்ரை முறைதானே," என்றீர். பிறகு வீதி அசைந்தது. நோய் வந்த பிறகும் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு விடுகிறேன் என்று கேட்டீர். அதோடு சரி.

இன்று சமையலறை மேசையில் வைத்து, சுவரில் செருகி, அந்த நிரலை ஓடவிட்டேன். கட்டங்கள் வந்தன. தாளில் இருந்த அதே காய்கள், நீர் வைத்த அதே கடைசிக் காய். நீர் அதைச் சேமித்து வைக்கப் பழக்கியிருக்கிறீர், கெட்டிக்காரி. 'தங்கச்சி' என்று கேட்டபடி கோடு மின்னியது. அதுவரைக்கும் எதிர்பார்த்ததுதான். பிறகுதான் மேலே பார்த்தேன். விளையாடுபவர்களின் பெயர் எழுதியிருக்கும் இடத்தில் 'அக்கா' இல்லை. அங்கே ஸ்ரெலா என்று இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. நல்லாய்த்தான் செய்துவைத்திருக்கிறீர், என்னை ஒரு வார்த்தை கேட்டீரா என்று வாய்விட்டே ஏசினேன். ஆள் இல்லாத சமையலறையில், ஒரு லப்ரொப்பைப் பார்த்து. அவளை நான் கண்டதில்லை. குரல்கூடக் கேட்டதில்லை. எந்தப் படத்தில் வந்தாலும் எனக்குத் தெரியாது. அவள் வந்தால் எதிர்ப்பக்கத்தில் ஓர் ஆள் இருக்கவேண்டும் என்று, எழும்பி இருக்கவே ஏலாத ஒரு நாளில் என் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டியிருக்கிறீர். ஏசி முடித்த பிறகு அழுதேன்.

அதை நிற்பாட்ட எனக்கு மனம் வரவில்லை. இடைவெளி அங்கேதான் இருக்கிறது, போய்ப் பார்த்தேன். தானாக ஒன்றும் வராது. அது தெரிந்தும், அடுப்படிக்குப் போகும்போதும் வரும்போதும் மேல்மூலையை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

இது கார்த்திகை மாதம். இறந்தவர்களுக்காகப் பூசை வைக்க எங்கள் மாதா கோவிலில் பெயர் கேட்டிருந்தார்கள். இன்று பின்னேரம் போய், நீர் சைவம்தான், கோபிக்கமாட்டீர் என்று உமது பெயரை எழுதினேன். அதற்குக் கீழே தங்கச்சியுடையதையும் எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன். பக்கத்தில் நின்ற அன்ரி, "வேறை ஆரும் இருக்கினமோ பிள்ளை?" என்று கேட்டா.

இல்லை, அன்ரி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.